எழுதும் கை ஒன்றுதான்: மின்னஞ்சல் கிளஸ்டரில் கணு உரிமை எப்படி இயங்குகிறது

"எங்கள் மின்னஞ்சல் சர்வர் கிளஸ்டரில் இருக்கிறது, ஒன்று போனாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்" என்று அலுவலகங்களில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். அப்படிச் சொல்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இந்த நொடியில் அஞ்சல் பெட்டிகளைக் கையில் வைத்திருக்கும் இயந்திரம் எது? அது விழுந்தால் அடுத்து எடுத்துக்கொள்ளப்போவது எது? அந்த அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது யார், எந்த விதிப்படி? முதல் கேள்விக்குப் பதில் வரும், இரண்டாவதற்கு ஓர் ஊகம் வரும், மூன்றாவதற்குப் பெரும்பாலும் மௌனம்தான். இந்த மூன்று கேள்விகளுக்கும் பொதுவான பெயர்தான் கணு உரிமை (கணு என்பது கிளஸ்டரில் உள்ள ஓர் இயந்திரம்). புதிதாக இந்தப் பணிக்கு வருபவர்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்ள முக்கியக் காரணம், 'உரிமையாளர்' என்ற சொல்லை எல்லாரும் பல பொருளில் பயன்படுத்துவதுதான். அந்தச் சொல்லை ஒவ்வொரு பொருளாகப் பிரித்துக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் வேலை. எடுத்துக்காட்டாக மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரை எடுத்துக்கொள்கிறேன். கிளஸ்டரில் மின்னஞ்சல் என்றதும் மிகப் பலர் கையாண்டது அதுதான், உரிமை பற்றிய குழப்பங்கள் எல்லாமே அதில் தெளிவாகத் தெரியும்.

மொய் எழுதும் மேசை

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசை, ஒரு நோட்டு, பணம் போட ஒரு பை, எழுதுவதற்கு ஒருவர். வருபவர்கள் ஊர், பெயர், தொகை என்று சொல்லச் சொல்ல அவர் வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். அவரைப் பந்திக்கு அழைத்தால், பக்கத்தில் நின்றிருக்கும் மைத்துனர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட வரியிலிருந்து தொடர்கிறார். மொய் செய்ய வருபவருக்கு எழுதுபவர் யார் என்பது பொருட்டே இல்லை. மேசை இருக்கும் இடம் தெரிந்தால் போதும்.

இப்போது, முதலில் எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து போகவே இல்லை; போய்விட்டார் என்று தவறாக நினைத்து மைத்துனரும் அதே நோட்டில் எழுதத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இடையே ஒரு திரை, ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. "இருபத்து மூன்றாம் வரி காலி" என்பது இருவர் மனதிலும் இருக்கிறது. இருவரும் அதே வரியில் எழுதுகிறார்கள். இரவில் கணக்குப் பார்க்க உட்காரும்போது ஒரு வரியில் இரண்டு பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், எதையும் படிக்க முடியாது. மேசையில் பத்து நிமிடம் ஆள் இல்லாமல் போயிருந்தால் வந்தவர்கள் சற்றுக் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். இருவர் எழுதிய நோட்டை யாராலும் திருத்த முடியாது.

ஆகவே மேசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத வேண்டும், எழுதுபவர் மாறலாம், மாறும் நொடியில் குழப்பம் வரக்கூடாது. கிளஸ்டரின் உரிமை நிர்வாகம் முழுவதும் இந்த ஒரே கவலையிலிருந்து பிறந்தது.

கணு, குழு, உரிமை

ஒன்றையொன்று கண்காணித்துக்கொண்டு, ஒரே சேவையைத் தாங்கி நிற்கும் சர்வர்களின் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். அதில் உள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு கணு. பேச்சில் 'நோடு' என்பார்கள். விண்டோஸ் உலகில் இந்த வசதி 1997-இல் விண்டோஸ் என்.டி. 4.0 எண்டர்பிரைஸ் பதிப்புடன் வந்தது. உருவாக்கும்போது அதற்கு 'உல்ஃப்பேக்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். அப்போது இரண்டே கணுக்கள். அதே ஆண்டு வெளிவந்த எக்ஸ்சேஞ்ச் 5.5 அதன் மேல் இயங்கியது. விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் ஒரு கிளஸ்டரில் எட்டுக் கணுக்கள் வரை வைக்க முடிந்தது.

ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது என்ன என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். சர்வர் முழுவதும் நகர்வதில்லை. எக்ஸ்சேஞ்ச் 2003-இல் ஓர் ஐ.பி. முகவரி, ஒரு பிணையப் பெயர், அஞ்சல் பெட்டிகள் இருக்கும் வட்டுகள், அவற்றின் மேல் இயங்கும் எக்ஸ்சேஞ்ச் சேவைகள் ஆகியவை ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கும். மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு வளம். மூட்டைக்குக் குழு என்று பெயர். பயனரின் அவுட்லுக் மென்பொருளுக்குத் தெரிந்தது அந்தப் பிணையப் பெயர் மட்டுமே. அந்தப் பெயர் இன்று முதல் கணுவில் இருக்கலாம், நாளை மூன்றாம் கணுவில் இருக்கலாம். மேசை இருக்கும் இடம் தெரிந்தால் போதும் என்று சொன்னது இதைத்தான்.

குழுவுக்குள் ஒரு வரிசை உண்டு. பெயர் இயங்க முகவரி வேண்டும். எக்ஸ்சேஞ்சின் தலைமைச் சேவையான சிஸ்டம் அட்டெண்டன்ட் எழ, பெயரும் வட்டுகளும் வேண்டும். அஞ்சல் பெட்டிகளைத் திறக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்டோர் அதற்குப் பின்தான் எழும். ஒரு வட்டு கிடைக்காவிட்டால் அதை நம்பியிருக்கும் மேல்தளம் எழாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் ஒரு சம்பவம் இதில்தான் நிற்கிறது.

இப்போது உரிமைக்கு வரையறை சொல்லிவிடலாம். ஒரு குழு இந்த நொடியில் எந்தக் கணுவில் இயங்குகிறதோ, அந்தக் கணுவே அதன் உரிமையாளர். கணு உரிமை என்பது நிரந்தரச் சொத்துரிமை போன்றதன்று. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வரை மட்டுமே செல்லும் உரிமை அது. "இந்த அஞ்சல் பெட்டிகள் முதல் கணுவுக்குச் சொந்தம்" என்று யாராவது சொன்னால், "இப்போது அங்கே இருக்கிறது" என்று சொல்கிறாரா, "அங்கே இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்" என்று சொல்கிறாரா, "அங்கே மட்டும்தான் இருக்க முடியும்" என்று சொல்கிறாரா என்று கேட்டுவிடுவது நல்லது. மூன்றும் வெவ்வேறு, மூன்றுக்கும் கிளஸ்டரில் தனித்தனி இடம் இருக்கிறது.

ஏன் ஒரே ஒருவர்?

அந்தக் கால அமைப்பில் வட்டுகள் எல்லாக் கணுக்களுக்கும் கம்பி வழியே இணைக்கப்பட்டிருந்தன. எல்லாராலும் எட்ட முடியும் என்றால் எல்லாரும் எழுதிக்கொள்ளலாமே என்று புதியவர்களுக்குத் தோன்றும். அது முடியாததற்குக் காரணம் நினைவகம்.

விண்டோஸின் கோப்பு முறைமை, வட்டில் எந்தெந்த இடம் காலி, எந்தக் கோப்பு எங்கே என்ற விவரங்களைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. ஒவ்வொரு முறையும் வட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை. பார்த்தால் வேகம் போய்விடும். இரண்டு கணுக்கள் ஒரே வட்டைத் திறந்தால், ஒவ்வொன்றின் நினைவகத்திலும் ஒரு படம் இருக்கும். ஒன்று மாற்றியது மற்றொன்றின் படத்தில் ஏறாது. இருபத்து மூன்றாம் வரி காலி என்று இருவரும் நம்பிய கதை இதுதான். எக்ஸ்சேஞ்சின் தரவுத்தளம் அதற்கு மேல் இன்னொரு நினைவக அடுக்கை வைத்திருப்பதால் சேதம் இரட்டிப்பாகும்.

எனவே உரிமையாளர் கணு, வட்டைத் தன் பெயரில் பூட்டிக்கொள்கிறது. இந்தப் பூட்டை வட்டின் பக்கமே மதித்து, மற்றக் கணுக்கள் எழுத முயன்றால் மறுத்துவிடும். அதாவது மற்றக் கணுக்களின் நல்லெண்ணத்தை நம்பி இது விடப்படவில்லை.

மௌனம் மரணம் ஆகாது

உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக் கணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சிறு செய்திகள் மூலம் தெரிந்துகொள்கின்றன. இதற்கு இதயத்துடிப்பு என்று பெயர். விண்டோஸ் சர்வர் 2008 முதல் இயல்பு அமைப்பில் நொடிக்கு ஒரு துடிப்பு. ஒரே பிணையப் பிரிவில் ஐந்து துடிப்புகள் தொடர்ந்து வராவிட்டால் அந்தக் கணு போய்விட்டதாக மற்றவை கருதும். விண்டோஸ் சர்வர் 2016-இல் இந்த ஐந்தைப் பத்தாக உயர்த்தினார்கள். இது தவிர, கணு நலமாக இருந்து அதன் மேல் ஓடும் சேவை மட்டும் படுத்துவிட்டதா என்பதைப் பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு: 5 நொடிக்கு ஒருமுறை மேலோட்டமாக ஒன்று, 60 நொடிக்கு ஒருமுறை ஆழமாக ஒன்று.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், துடிப்பு நின்றதற்கு மரணம் ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பிணையக் கம்பி அறுந்திருக்கலாம், இடையில் உள்ள சுவிட்ச் மீண்டும் தொடங்கிக்கொண்டிருக்கலாம். இரு பக்கமும் உயிரோடு இருந்து, ஒவ்வொரு பக்கமும் மற்றது இறந்துவிட்டதாக நினைத்து உரிமையை எடுத்துக்கொண்டால் இரண்டு உரிமையாளர்கள் உருவாகிவிடுவார்கள். இதை மூளைப் பிளவு என்பார்கள். பூட்டை மதிக்கும் பொது வட்டு ஓரளவு காப்பாற்றும். ஆனால் பின்னால் பார்க்கப்போகும் புதிய அமைப்பில் ஒவ்வொரு கணுவுக்கும் தனித்தனி வட்டு. அங்கே தடுப்பதற்கு வட்டுப் பூட்டு இல்லை.

இதற்குத் தீர்வு வாக்கெண்ணிக்கை. கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி நமக்குப் பழக்கமானது. சட்டமன்றத்தில் அதைக் குறைவெண் வரம்பு என்கிறோம், கிளஸ்டரில் குவோரம். ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது. இந்திய நாடாளுமன்றத்தில் மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே கூட்டம் நடத்தலாம். அந்த விதியைக் கிளஸ்டரில் வைத்தால், பிரிந்து நிற்கும் இரு பக்கமும் தனித்தனியாகக் கூட்டம் நடத்திவிடும். ஆகவே கிளஸ்டர் பாதிக்கு மேல் கேட்கிறது. ஐந்து வாக்குகளில் மூன்று வேண்டும், நான்கிலும் மூன்று வேண்டும். பாதிக்கு மேற்பட்ட கூட்டங்கள் ஒரே நேரத்தில் இரண்டு இருக்க முடியாது என்பது எளிய கணக்கு. இந்தக் கணக்கின் மேல்தான் மொத்தப் பாதுகாப்பும் நிற்கிறது. கணுக்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் சமநிலையை உடைக்க வெளியே ஒரு சாட்சி வைக்கப்படும். அது ஒரு சிறு வட்டாகவோ, வேறொரு சர்வரில் உள்ள பகிர்வுக் கோப்புறையாகவோ இருக்கலாம்.

புதியவர்களை மிகவும் திகைக்கவைப்பது இதன் விளைவுதான். நான்கு கணுக்களும் ஒரு சாட்சியும் உள்ள கிளஸ்டரில், இரண்டு கணுக்கள் ஓர் ஊரிலும், இரண்டும் சாட்சியும் இன்னோர் ஊரிலும் இருக்கின்றன; இடையில் உள்ள இணைப்பு அறுகிறது. சாட்சி இல்லாத ஊரில் இரண்டு இயந்திரங்களும் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும், வட்டுகளில் தரவு முழுதாக இருக்கும், ஆனாலும் மின்னஞ்சல் நின்றிருக்கும். ஐந்தில் இரண்டு வாக்குகளுடன் நிற்கும் கணுக்கள் தாமாகவே விலகிக்கொண்டுவிட்டன. "இயந்திரம் ஓடுகிறதே, ஏன் சேவை இல்லை?" என்று கோபப்பட்டு, கட்டாயப்படுத்தித் தொடங்கும் கட்டளையைக் கொடுப்பவர்கள் உண்டு. மறுபக்கம் நிச்சயமாக நின்றுவிட்டது என்று தொலைபேசியில் கேட்டாவது உறுதி செய்துகொள்ளாமல் அந்தக் கட்டளையைக் கொடுக்கவே கூடாது. கிளஸ்டர் தடுத்து வைத்திருந்த இரண்டாம் உரிமையாளரை நாமே கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைப்பதாக அது முடியும்.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால்: உரிமை ஒரு குழுவின் இப்போதைய இருப்பிடம், வட்டுப் பூட்டும் பெரும்பான்மை வாக்கும் அது ஒன்றாக மட்டுமே இருப்பதை உறுதி செய்கின்றன, சந்தேகம் வந்தால் சேவை நிற்பதையே கிளஸ்டர் தேர்ந்தெடுக்கும்.

இரண்டு பட்டியல்கள்

மிகப் பெரிய குழப்பம் இங்கேதான். கிளஸ்டர் நிர்வாகத் திரையில் 'பாசிபிள் ஓனர்ஸ்' என்று ஒரு பட்டியலும் 'பிரிஃபர்டு ஓனர்ஸ்' என்று ஒரு பட்டியலும் இருக்கும். இரண்டிலும் கணுக்களின் பெயர்கள் இருக்கும், இரண்டும் ஒரே விஷயம் போலத் தோன்றும். நான் முதலாவதைத் தகுதிப் பட்டியல் என்றும், இரண்டாவதை விருப்பப் பட்டியல் என்றும் அழைக்கிறேன்.

தகுதிப் பட்டியல் ஒரு தடை. அதில் பெயர் இல்லாத கணு, எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அந்த வளத்தை எடுத்துக்கொள்ள முடியாது. விருப்பப் பட்டியல் ஒரு வரிசை. "முடிந்தால் முதலில் இவர், பிறகு இவர்" என்பதே அதன் பொருள். அதில் இல்லாத கணுவுக்கும், வேறு வழி இல்லாவிட்டால் குழு போகும். மொய் மேசையில், "எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான் உட்கார வேண்டும்" என்பது தகுதி. "பெரிய மாமா இருந்தால் அவரே எழுதட்டும்" என்பது விருப்பம். பெரிய மாமா இல்லையென்று மொய் எழுதாமல் விடமாட்டார்கள். எழுதத் தெரியாதவரை உட்காரவைக்கவும் மாட்டார்கள்.

இரண்டும் எங்கே அமைந்திருக்கின்றன என்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. விருப்பப் பட்டியல் குழுவுக்கு ஒன்று. தகுதிப் பட்டியலோ குழுவுக்குள் இருக்கும் ஒவ்வொரு வளத்துக்கும் தனித்தனி. ஆகவே ஒரு குழு எந்தக் கணுக்களுக்குப் போக முடியும் என்று தெரிய வேண்டுமானால், எல்லா வளங்களின் தகுதிப் பட்டியல்களையும் எடுத்து, எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் பெயர்களைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வளங்களில் பதினொன்று மூன்றாம் கணுவை ஏற்று, ஒன்று மட்டும் ஏற்காவிட்டால், மூன்றாம் கணு அந்தக் குழுவுக்கு இல்லாதது போலத்தான்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று கணுக்கள் கொண்ட எக்ஸ்சேஞ்ச் 2003 கிளஸ்டர். ஒருமுறை மூன்றாம் கணுவிலிருந்து சேமிப்பகத்துக்குப் போகும் கம்பியில் சந்தேகம் வந்து, லாக் கோப்புகள் (தரவுத்தளத்தின் மாற்றங்கள் வரிசையாகப் பதிவாகும் கோப்புகள்) இருக்கும் வட்டின் தகுதிப் பட்டியலில் மூன்றாம் கணுவின் பெயரைத் தற்காலிகமாக எடுத்தோம். கம்பியை மாற்றினோம், சோதித்தோம், வேலை முடிந்தது என்று எழுந்து போனோம். பெயரைத் திரும்பச் சேர்க்கவில்லை. அடுத்த பல மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. திரையில் மூன்று கணுக்களும் பச்சையாக இருந்தன, விருப்பப் பட்டியலிலும் மூன்று பெயர்களும் இருந்தன. பிறகு ஒரு நாள் இரண்டாம் கணுவைப் பராமரிப்புக்காக, வாக்கு மட்டும் இருக்கும்படி இடைநிறுத்தியிருந்த நேரத்தில் முதல் கணு விழுந்தது. மூன்றாம் கணு நலமாக இருந்தது, போதுமான நினைவகம் இருந்தது, கம்பி சரியாக இருந்தது. குழு அங்கே எழவில்லை. ஒரே ஒரு வட்டின் பட்டியலில் விடுபட்ட ஒரு குறி. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. காரணம், நாங்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப விருப்பப் பட்டியலையே திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து, தற்காலிகமாக எடுத்த எந்தப் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதித் திரைக்கு மேலேயே ஒட்டிவைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

திரும்பி வந்தவருக்கு நாற்காலி உடனே கிடைக்க வேண்டுமா?

உரிமையாளர் விழுந்ததும் குழு வேறு கணுவில் எழுவது ஃபெயில்ஓவர். விழுந்தவர் குணமாகி வந்ததும் குழு அவரிடமே திரும்பிப் போவது ஃபெயில்பேக். முதலாவது இயல்பாகவே நடக்கும். இரண்டாவது இயல்பு அமைப்பில் நடக்காது, நாம் கேட்டால் மட்டுமே நடக்கும். விருப்பப் பட்டியலில் ஒரு கணுவை முதலில் வைத்துவிட்டு, "அது சரியாகி வந்த பிறகும் ஏன் குழு அங்கே போகவில்லை?" என்று குழம்புபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். விருப்பப் பட்டியல், எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஃபெயில்பேக் அமைப்புதான், போகலாமா என்பதைச் சொல்கிறது.

இயல்பு அமைப்பே சரி என்பது என் கருத்து. நினைவகப் பழுதினால் அரை மணிக்கு ஒருமுறை விழுந்து எழும் ஒரு கணுவை எண்ணிப் பாருங்கள். உடனடி ஃபெயில்பேக் வைத்திருந்தால், அது எழும் ஒவ்வொரு முறையும் குழு அங்கே ஓடும், விழும் ஒவ்வொரு முறையும் திரும்ப ஓடிவரும். ஒவ்வொரு நகர்விலும் அஞ்சல் பெட்டிகள் மூடித் திறக்கப்படும், பயனர்களின் இணைப்பு அறும். ஒரு விபத்தாக முடிந்திருக்க வேண்டியது நாள் முழுவதும் நீளும் தொல்லையாக மாறும். கட்டாயம் வேண்டுமென்றால், நள்ளிரவுக்குப் பின் குறிப்பிட்ட மணிகளுக்குள் மட்டும் ஃபெயில்பேக் நடக்கும்படி அமைக்க வசதி உண்டு. இதே காரணத்துக்காகவே, ஒரு குழு குறிப்பிட்ட காலத்துக்குள் எத்தனை முறை நகரலாம் என்ற வரம்பும் உண்டு. விண்டோஸ் சர்வர் 2003-இல் இயல்பு அளவு 6 மணி நேரத்தில் 10 முறை. அதைத் தாண்டினால் கிளஸ்டர் கைவிட்டு, குழுவை நிறுத்திவைக்கும். அப்போது அதை மீண்டும் மீண்டும் தொடங்க முயல்வதைவிட, பத்து முறை ஏன் விழுந்தது என்று பார்ப்பதே வேலை.

காலியாக ஓர் இயந்திரம்

ஒரு கணு வேலை இல்லாமல் சும்மா நிற்பதைப் பார்த்து மேலாளர்கள் வருந்துவதுண்டு. எக்ஸ்சேஞ்ச் 2000-இல் இரண்டு கணுக்களும் ஆளுக்கொரு குழுவைத் தாங்கும் அமைப்புக்கு இடம் தரப்பட்டது. ஒன்று விழுந்தால் மற்றது இரண்டையும் சுமக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு கணுவிலும் ஒரே நேரத்து இணைப்புகள் 1,900-ஐயும், எக்ஸ்சேஞ்ச் எடுக்கும் சராசரிச் செயலித்திறன் 40 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது என்று மைக்ரோசாஃப்ட் வழிகாட்டியது. அதாவது, காலியாக ஓர் இயந்திரத்தை வைக்காமல் தவிர்த்தவர்கள் இரண்டு இயந்திரங்களையும் பாதிக்கு மேல் காலியாக வைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்சேஞ்ச் 2003-இல் இரண்டுக்கு மேல் கணுக்கள் இருந்தால் ஒன்றாவது காலியாக நிற்க வேண்டும் என்பது விதியாயிற்று. எக்ஸ்சேஞ்ச் 2007-இல் இருவரும் சுமக்கும் முறையே நீக்கப்பட்டது. இரண்டு குழுக்கள் கூடியவரை ஒரே கணுவில் வந்து சேராமல் விலக்கிவைக்கும் ஒரு பண்பையும் கிளஸ்டர் தருகிறது. ஒரே பெயர்ப்பட்டை ஒட்டிய குழுக்களை அது வெவ்வேறு கணுக்களில் வைக்க முயலும்.

நோட்டும் இரண்டானபோது

இதுவரை சொன்ன அமைப்பில் நோட்டு ஒன்றுதான், எழுதுபவர்தான் மாறினார். நோட்டே எரிந்துவிட்டால்? 2007 பதிப்பில் இதற்கு விடையாகத் தொடர்ப் பிரதி முறை வந்தது. எழுதுபவர் ஒரு பக்கம் நிரம்பியதும் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்ட, அவர் தன் நோட்டில் அதைப் படியெடுத்துக்கொள்கிறார். இந்தப் பக்கம்தான் லாக் கோப்பு, அளவு 1 எம்.பி. 2010-இல் இது விரிந்து, 16 சர்வர்கள் வரை சேரக்கூடிய டேட்டாபேஸ் அவைலபிலிட்டி குரூப் ஆயிற்று, சுருக்கமாக டி.ஏ.ஜி. அந்தப் பதிப்பின் முதல் சர்வீஸ் பேக்கில், பக்கம் நிரம்பும் வரை காத்திராமல் வரி வரியாகவே படியெடுக்கும் வசதியும் சேர்ந்தது.

உரிமையின் பொருள் இங்கே கொஞ்சம் நகர்கிறது. முன்பு உரிமை ஒரு குழு முழுவதற்கும் இருந்தது. இப்போது ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனியாக இருக்கிறது. ஒரே சர்வர் ஒரு தரவுத்தளத்தின் எழுதும் பிரதியையும், இன்னொன்றின் படியெடுக்கும் பிரதியையும் வைத்திருக்கலாம். எந்தப் பிரதி எழுத வேண்டும் என்பதை முடிவு செய்வது ஆக்டிவ் மேனேஜர் என்னும் பகுதி. எல்லாச் சர்வர்களிலும் அது ஓடினாலும், முடிவெடுக்கும் அதிகாரம் ஒன்றுக்கு மட்டுமே. கிளஸ்டரின் மையக் குழுவுக்கு எந்தக் கணு உரிமையாளரோ அதில் ஓடுவதுதான் தலைமை மேனேஜர். பழைய கணு உரிமை மறைந்துவிடவில்லை, ஒரு படி மேலே ஏறி, முடிவெடுப்பவரைத் தீர்மானிக்கும் உரிமையாக நிற்கிறது.

இரண்டு பட்டியல்களும்கூட வேறு பெயரில் தொடர்கின்றன. ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. 1 என்றால் முதல் விருப்பம். ஒரு சர்வரில் பிரதி தானாக எழுதும் நிலைக்கு வரக்கூடாது என்று தடுக்கவும் முடியும். அது பழைய தகுதிப் பட்டியலின் வேலை. வேண்டுமென்றே 14 நாள் வரை பின்தங்கி ஓடும்படி வைக்கப்படும் பிரதி இருந்தால், அதற்கு இந்தத் தடையை இட மறந்துவிடாதீர்கள்.

முன்னுரிமை எண்ணைப் பற்றிய தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எண் 2 கொண்ட பிரதிதான் கட்டாயம் அடுத்த உரிமையாளர் என்று பலரும் நினைக்கிறார்கள். 2010-இன் தேர்வு முறையில் முதலில் பார்க்கப்படுவது, எந்தப் பிரதி மிகக் குறைவாகப் பின்தங்கியிருக்கிறது என்பதே. இரண்டு பிரதிகள் சமமாக இருந்தால்தான் எண் பேசும். எழுதுபவர் மயங்கி விழுந்துவிட்டார், பக்கத்தில் இரண்டு பேர் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றால், பெரிய மாமாவா சின்ன மாமாவா என்று பார்ப்பதற்கு முன், யாருடைய நோட்டில் கடைசி வரி வரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பதே முறை. இங்கேதான் இழப்பு பற்றிய ஒரு முடிவும் வருகிறது. எத்தனை லாக் கோப்புகள் வரை விடுபட்டிருந்தால் தானாகவே திறந்துவிடலாம் என்று நாம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்: 12 வரை, 6 வரை, அல்லது ஒன்றுகூட விடுபடக்கூடாது. மூன்றாவதைத் தேர்ந்தால், படியெடுப்பு முழுமையாக இல்லாத நிலையில் தரவுத்தளம் நம் கைக்காகக் காத்திருக்கும். விடுபட்ட அஞ்சல்களை மீண்டும் கொண்டுவர, அஞ்சலைக் கடத்தும் பகுதி தான் ஒப்படைத்தவற்றின் நகலைச் சில காலம் வைத்திருக்கிறது. 2013 பதிப்பு முதல் இதன் இயல்புக் காலம் 2 நாள்.

ஃபெயில்பேக் விஷயத்தில் மட்டும் காற்று எதிர்த்திசையில் திரும்பியது. எக்ஸ்சேஞ்ச் 2016-இன் இரண்டாம் திரட்டுப் புதுப்பிப்புக்குப் பின், மணிக்கு ஒருமுறை தலைமை மேனேஜர் தரவுத்தளங்களை முன்னுரிமை எண்படி அவரவர் இடத்துக்குத் திருப்பி வைப்பது இயல்பு அமைப்பாயிற்று. பிரதி ஏற்கெனவே தயாராக இருப்பதால் நகர்வின் செலவு குறைந்துவிட்டது என்பது அதன் பின்னணி. பழைய கிளஸ்டரில் பழகியவர்கள், தாம் கையால் நகர்த்திய தரவுத்தளம் ஒரு மணி நேரத்துக்குள் தானாகத் திரும்பிப் போவதைக் கண்டு பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். பராமரிப்பு நடக்கும் நேரத்தில் இதை நிறுத்திவைக்க அமைப்பு உண்டு.

ஒரு பராமரிப்பு இரவில்

புதுப்பிப்பு ஏற்றுவதற்காக ஒரு கணுவை நிறுத்த வேண்டிய இரவில் இவை எல்லாம் ஒன்றாக வந்து சேரும். முதலில் இப்போதைய உரிமையாளர் யார் என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும், நினைவிலிருந்து சொல்லக்கூடாது. அடுத்து, போகவிருக்கும் கணு எல்லா வளங்களின் தகுதிப் பட்டியலிலும் இருக்கிறதா, டி.ஏ.ஜி. என்றால் அங்குள்ள பிரதி நலமாக, பின்தங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கணுவை எடுத்த பிறகு மீதமுள்ள வாக்குகள் பாதிக்கு மேல் இருக்குமா, இன்னும் ஒன்று போனாலும் தாங்குமா என்று விரல்விட்டு எண்ணிவிடுவது நல்லது. சாட்சிக் கோப்புறை இருக்கும் சர்வரையே அதே இரவில் புதுப்பிப்புக்கு எடுத்துக்கொண்ட குழுவினரைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு கணுவை இடைநிறுத்த வேண்டும். இடைநிறுத்திய கணு கிளஸ்டரில் வாக்குடன் இருக்கும், ஆனால் புதிதாக எதற்கும் உரிமை ஏற்காது. தற்காலிகமாகப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதைவிட இது மேல், ஏனெனில் திரையில் எல்லாருக்கும் தெரியும்படி அந்த நிலை குறிக்கப்பட்டிருக்கும். குழுவை நாமே நகர்த்த வேண்டும், இயந்திரத்தை அணைத்துவிட்டு ஃபெயில்ஓவருக்கு விட்டுவிடக் கூடாது. நாமே நகர்த்தும்போது பழைய உரிமையாளர் கடைசி வரியை எழுதி, நோட்டை மூடி, கையில் கொடுக்கிறார். விழும்போது அடுத்தவர் எழுதி முடிக்காத பக்கத்தை எடுத்து, லாக் கோப்புகளிலிருந்து சரிபார்த்துக்கொண்டு தொடங்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் இடைநிறுத்தத்தை நீக்கி, குழுவைத் திரும்ப நகர்த்துவதற்கு முன்பே, முதலில் எழுதிவைத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளத்தின் பட்டியலையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.